ஒத்துக்காத ஊசி

பலாப்பழம் அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்வது எல்லோரும் செய்வதுதான். பால் ஒட்டாது. நான் கத்தியின் பிடியிலும் சேர்த்துத் தடவிவிட்டேன். கிளியனூரில் எங்கள் வீட்டுச் சமையற்கட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இடது கையால் பழத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அழுத்தினேன். கத்தி வழுக்கியது. இடது உள்ளங்கையில், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தொடங்குகிற இடத்தில் குறுக்கே இறங்கியது.

வலி தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்தது வேறொன்று. ரத்தத்தை அடக்க கையை மூடப் பார்த்தேன். சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கின. மற்ற இரண்டும் நான் சொன்னது காதில் விழாததுபோல நீட்டியபடியே இருந்தன.

நான் திண்டிவனத்தில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு டிடிபி கடையில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். பத்திரம், மனு, பிரமாணப் பத்திரம் எல்லாம் என் கையில்தான். வக்கீல் நின்றுகொண்டே சொல்லச் சொல்ல, திரையைப் பார்த்தபடி பத்து விரலாலும் அடிப்பேன். அந்த இரண்டு விரல்களையும் வலது கையால் மடக்கிப் பார்த்தேன்; விட்டதும் திரும்ப நீட்டிக்கொண்டன.

என் கணவர் சேகர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுகிறவர். சத்தம் கேட்டு ஓடிவந்தார். பக்கத்துத் தெருவிலிருந்து அவருடைய தங்கை வசந்தாவும் வந்துவிட்டாள். அண்ணன் தோளில் கிடந்த துண்டை உருவி என் கையைச் சுற்றி இறுக்கினாள்.

"அண்ணி, கைய மேல தூக்கிப் புடிச்சுக்கோ. யண்ணே, வண்டிய ஜல்தியா எடு. இன்னா பாத்துக்கினு நிக்கற?"

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்தவர் ஒரு இளம் டாக்டர். காயத்தைக் கழுவிவிட்டு, மரத்துப்போகிற ஊசியை எடுத்தார். அதைப் பார்த்ததும் சேகர் குறுக்கே கையை நீட்டினார்.

"சார், அந்த ஊசி மட்டும் வேணாம் சார். இவளுக்கு ஒத்துக்காது. உயிருக்கே ஆபத்துன்னு எழுதிக் குடுத்துக்கிறாங்க."

தன் பர்ஸிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினார். எங்கள் கடை மெஷினில் நானே லாமினேஷன் செய்தது. ஒன்று அவர் பர்ஸில், இன்னொன்று என் கைப்பையில் எப்போதும் இருக்கும்.

அதன் கதையைச் சொல்லவேண்டும். எனக்குப் பத்தொன்பது வயதில் கடைவாய்ப் பல் வலிக்காக விழுப்புரத்தில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். ஈறில் ஊசி போட்ட ஒரு நிமிடத்துக்குள் நெஞ்சு திம் திம் என்று அடித்தது. கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, கண் இருட்டியது. செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். டாக்டரும் பயந்துபோனார். படுக்கவைத்துக் காற்று விசிறினார்கள். கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. ஆனாலும் அவர், இவருக்கு மரப்பு ஊசி அலர்ஜி, இனி எங்கேயும் போடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் நல்லது நினைத்துத்தான் செய்தார்.

அதன்பிறகு அந்தப் பல்லை வேறொரு இடத்தில் ஊசி இல்லாமல் பிடுங்கினார்கள். ஒருமுறை காலில் கண்ணாடி ஏறியது. ஊசி இல்லாமல் கிளறி எடுத்தார்கள். என் மகள் காவ்யா பிறந்தபோது கீழே ஐந்து தையல். அப்போதும் நான் சீட்டைக் காட்டினேன். அப்படியே தைத்தார்கள்.

பிரசவ அறையை விட்டு வெளியே வந்ததும் எங்கள் சொந்தத்தில் எல்லோரும் என்னைப் பற்றிச் சொன்னது ஒன்றுதான்: "சுமதி வலி தாங்குறவ." எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

இளம் டாக்டர் சீட்டைப் படித்தார். என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஊசியைக் கீழே வைத்துவிட்டு, இறுக்கிக் கட்டுப் போட்டார்.

"உள்ள தசைநாண் ரெண்டு விரல்லயும் அறுந்திருக்கு. இங்க தைக்கற விஷயம் இல்லைங்க. முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன். அங்க ஆபரேஷன் பண்ணுவாங்க."

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டும்போது ஆம்புலன்ஸில் வசந்தா என் தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள். அவள் கழனியில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்குகிற நாட்கள் அவை. வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"நீ என்னாத்துக்கு அண்ணி பயப்படற? மயக்கம் குடுத்துப் பண்ணுவாங்க. ஒண்ணும் தெரியாது" என்றாள்.

முண்டியம்பாக்கத்தில் வார்டில் சேர்த்த மறுநாள் காலையில் கை ஆபரேஷன் செய்கிற டாக்டர் வந்தார். நாம் பேச்சில் எல்லாவற்றையும் நரம்பு என்றுதான் சொல்கிறோம். அவர் பிரித்துச் சொன்னார். விரலை மடக்குகிற சதை விரலில் இல்லையாம், முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கிறதாம். அங்கிருந்து ஒரு வெள்ளைக் கயிறு உள்ளங்கை வழியாக விரல் நுனிவரை ஓடுகிறது. அதுதான் தசைநாண்.

"சைக்கிள் பிரேக் மாதிரி வச்சுக்கங்க. பிடிய இங்க அழுத்தினா அங்க கட்டை போய் ஒட்டுது. நடுவுல கேபிள் அறுந்துபோச்சு. அதத்தான் தைக்கணும்."

"சார், மயக்கம் குடுத்துத்தான?" என்று சேகர் கேட்டார்.

"குடுத்தும் பண்ணலாம். ஆனா அவங்க முழிச்சிருந்தா எனக்கு வசதி. தைச்ச உடனே மடக்கச் சொல்லிப் பாக்கலாம். கையில மட்டும் மரப்பு ஊசி போட்டுப் பண்ணுவோம்."

சேகர் சீட்டை எடுத்தார். டாக்டர் அதைப் படித்துவிட்டு நெற்றியைச் சொறிந்தார். "சரி, மயக்க டாக்டர் வந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பிற்பகலில் மயக்க டாக்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தார். பக்கத்துக் கட்டிலடியில் கிடந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு என் எதிரே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டே பேசுவார்கள், பேசிக்கொண்டே நகர்வார்கள்.

"இந்தச் சீட்டு இருக்கட்டும்மா. அன்னிக்கு என்ன நடந்துச்சு, அதச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"ஊசி போட்டு எவ்வளவு நேரத்துல படபடப்பு வந்துச்சு?"

"போட்டு ஒரு நிமிஷம்கூட இருக்காதுங்க."

"உடம்புல தடிப்பு வந்துச்சா? அரிப்பு?"

"இல்லைங்க."

"உதடு, கண்ணு வீங்குச்சா? மூச்சு விட முடியாம இழுத்துச்சா?"

"இல்லைங்க. நெஞ்சுதான் அடிச்சுக்கினு கெடந்துச்சு. கை நடுக்கம்."

"எப்படி சரியாச்சு? ஏதாவது மருந்து குடுத்தாங்களா?"

"தண்ணி குடுத்தாங்க. தானா அடங்கிப்போச்சு."

டாக்டர் சீட்டை எடுத்து ஒருமுறை படித்தார். பிறகு, "அதுக்கப்புறம் எங்கயாவது தையல் போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். பல், கண்ணாடி, பிரசவம் எல்லாம் சொன்னேன். பிரசவத் தையலைச் சொன்னபோது அவர் தலைமேலிருந்த கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சுமதி, நான் நெனைக்கறதச் சொல்றேன். சோதிச்சுப் பாத்துத்தான் உறுதியா சொல்லமுடியும். உங்களுக்கு அலர்ஜி இல்லைன்னுதான் தோணுது."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். பல்லுக்குப் போடுகிற அந்த ஊசியில் பெரும்பாலும் இரண்டு மருந்து கலந்திருக்கும். ஒன்று லிக்னோகெய்ன். மரத்துப்போகச் செய்வது அதுதான். இன்னொன்று அட்ரினலின். பயந்தால் நம் உடம்பே சுரக்கிற அதே சாமான். அது ரத்தக் குழாய்களைச் சுருங்கவைக்கும். மருந்து ரத்தத்தோடு ஓடிவிடாமல் போட்ட இடத்திலேயே நிற்கும், ரத்தமும் அதிகம் வராது. ஈறில் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் நிறைய. கொஞ்சம் அதற்குள் போய்விட்டால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். பயமும் சேர்ந்தால் கண் இருட்டும். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். அலர்ஜி வேறு. இந்த மருந்துகளில் இரண்டு குடும்பம் உண்டாம். பழைய குடும்பத்தில் அலர்ஜி வரும். லிக்னோகெய்ன் இருக்கிற குடும்பத்தில் அது அபூர்வம்.

"அப்ப இத்தினி வருஷமா…" என்று வசந்தா ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "யாராவது ஒருத்தர் உக்காந்து கேட்டிருக்கணும்மா. கேக்கல. அதுக்கு நான் வருத்தப்படறேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. எப்போதோ அடித்துக் கொடுத்த பத்திரத்தில் முதல் பக்கத்திலேயே பெயர் தப்பு என்று யாரோ காட்டியதுபோல இருந்தது. நான் வலி தாங்குகிறவள் என்று எல்லோரும் சொன்னார்களே, அதை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

மறுநாள் காலையில் சோதனை. கையில் ட்ரிப் போட ஊசி ஏற்றி, மார்பில் ஒயர் ஒட்டி, ஒரு டிரேயில் மருந்துகளை எடுத்துவைத்தார்கள். வலது முன்கையில் முதலில் ஒரு துளி மருந்தை வைத்துத் தோலைக் கீறினார் டாக்டர். இருபது நிமிடம் காத்திருந்தோம். தோல் சிவக்கவில்லை. அடுத்து தோலுக்குள் மிகக் கொஞ்சம், மறுபடியும் காத்திருப்பு. அடுத்து இன்னும் கொஞ்சம் அதிகம். ஒவ்வொரு முறையும் டாக்டர் என் கையைப் பார்க்க, நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

பயத்தை மறக்க, டிரேயில் இருப்பதெல்லாம் என்ன என்று கேட்டேன்.

"ஒருவேளை அலர்ஜி வந்தா உடனே குடுக்க. முதல்ல இருக்கறது அட்ரினலின்."

"அதுதானங்க அன்னிக்கு என் நெஞ்ச அப்படி அடிக்க வச்சது?"

"அதேதான். நெஜமான அலர்ஜி வந்தா உயிரக் காப்பாத்தறதும் அதேதான்."

அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. அதைக் கண்டுதான் இத்தனை வருஷம் ஒளிந்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது முறை போட்ட இடத்தில் டாக்டர் ஒரு ஊசி நுனியால் தொட்டார். "இது தெரியுதா?"

தெரியவில்லை. அவர் பக்கத்தில் தொட்டார், சுருக்கென்றது. மறுபடியும் அதே இடத்தில் தொட்டார். ஒன்றுமில்லை. ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு என் உடம்பில் ஒரு இடம், அங்கே வலியே இல்லை. "இன்னொரு தபா குத்துங்க" என்று கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டார். இந்த உலகத்தில் எல்லோருக்கும் இது சாதாரணம். முப்பத்தெட்டு வயதில் எனக்கு அது முதல்முறை.

"எப்படிங்க இது?" என்று கேட்டேன்.

"நரம்பு சேதி அனுப்பறது உப்பாலம்மா. நம்ம சாப்பாட்டு உப்புல இருக்கற சோடியம், நரம்போட சுவர்ல சின்னச் சின்னக் கதவு வழியா உள்ள போகும். ஒரு கதவு தொறந்தா அடுத்தது தொறக்கும். அப்படியே மூளை வரைக்கும் சேதி போகும். இந்த மருந்து போய் அந்தக் கதவ அடச்சுக்கும். உங்க கையில வலியோட காரணம் இருக்கு, சேதி மட்டும் போகல. ஒண்ணு ஒண்ணரை மணி நேரத்துல மருந்து கரைஞ்சிடும். கதவு திரும்பத் தொறந்துக்கும்."

ஆபரேஷன் அதற்கு அடுத்த நாள். தியேட்டருக்குள் அழைத்துப்போகும் முன்னால் வசந்தா ஒரு தட்டில் இட்லியைப் பிசைந்து ஊட்டிவிட்டாள். இந்த ஆபரேஷனுக்குப் பட்டினி கிடக்க வேண்டாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். தலையைச் சிக்கெடுத்து இறுக்கிப் பின்னினாள். சேகர் என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தியேட்டர் வாசலிலேயே நின்றார்.

உள்ளங்கையில் முதல் குத்து சுருக்கென்றது. எரிச்சல் குறைய மருந்தில் கொஞ்சம் சோடா உப்புத் தண்ணீர் கலந்திருப்பதாக மயக்க டாக்டர் சொன்னார். மிக மெதுவாகச் செலுத்தினார். இதில் அட்ரினலினும் இருக்கிறது, லேசாகப் படபடப்பு வரலாம், வந்தால் சொல்லுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். வந்தது, கொஞ்சமாக. சொன்னேன். "பயப்படாதீங்க, போயிடும்" என்றார். போய்விட்டது. பெயர் தெரிந்த விருந்தாளி வந்து போனதுபோல இருந்தது.

அதன்பிறகு அரை மணி நேரம் சும்மா காத்திருந்தோம். ரத்தக் குழாய்கள் சுருங்க அவ்வளவு நேரம் வேண்டுமாம். என் உள்ளங்கை வெளுத்து, துணி துவைத்து முடித்த கைபோல ஆனது. அந்தக் காலத்தில் விரலுக்கு அட்ரினலினைக் கலந்து போடவே கூடாது என்று படித்ததாகவும், இப்போது போடலாம் என்று தெரிந்துவிட்டதாகவும் ஆபரேஷன் டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டே சொன்னார். டாக்டர்களும் பயந்து பயந்துதான் கற்றுக்கொள்கிறார்கள் என்பது எனக்கு ஏனோ தைரியமாக இருந்தது.

அவர் அறுத்தார். எனக்கு வலிக்கவில்லை. இழுப்பது தெரிந்தது, அழுத்துவது தெரிந்தது. வலியை எடுத்துச் செல்கிற மெல்லிய நரம்புகள் முதலில் அடங்கிவிடும், அழுத்தம் தெரிகிறவை பின்தங்கும் என்று மயக்க டாக்டர் காதருகில் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து ஆபரேஷன் டாக்டர் சொன்னார்: "சுமதி, இப்ப அந்த ரெண்டு விரலையும் மெதுவா மடக்குங்க."

"எனக்குக் கையே இருக்கறது தெரியலைங்க."

"மரத்துப்போனது தோலும் விரலும்தான். மடக்கற சதை மேல முன்கையில இருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகல. மடக்குங்க."

நான் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். பச்சைத் துணியைக் கொஞ்சம் தாழ்த்தினார்கள். திறந்த உள்ளங்கைக்குள் அது தெரிந்தது. இளநீர் வழுக்கைபோல வெண்மையாக, பளபளப்பாக, ஒரு கயிறு. நடுவில் நீல நூலால் தையல். நான் மடக்க நினைத்தேன். அந்தக் கயிறு நகர்ந்தது. ஆள்காட்டி விரல் மடங்கியது. அடுத்து நடுவிரலும்.

விரலில் எனக்கு எந்த உணர்வும் இல்லை. நினைத்தது மட்டும்தான் நான். அது அங்கே போய்ச் சேர்வதைக் கண்ணால் பார்த்தேன். சாமி கும்பிடும்போதுகூட எனக்கு அப்படி மயிர் சிலிர்த்ததில்லை.

"நில்லுங்க" என்றார் ஆபரேஷன் டாக்டர். நடுவிரலின் தையலில், மடக்கும்போது நூலிழை அளவுக்கு இடைவெளி விடுவதைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வழியாகப் பார்த்திருந்தார். பிரித்து மறுபடியும் தைத்தார். "நீங்க தூங்கிக்கிட்டு இருந்தா இது எனக்குத் தெரிஞ்சிருக்காது. வீட்டுக்குப் போனப்புறம் அறுந்திருக்கும்."

மறுபடியும் மடக்கினேன். இந்தமுறை இடைவெளி இல்லை. அப்போதுதான் அழுகை வந்தது. "வலிக்குதா?" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். "இல்லைங்க, வலிக்கலை, அதான்" என்றேன். மயக்க டாக்டர் பஞ்சால் என் கண்ணோரத்தைத் துடைத்துவிட்டார்.

மாலையில் மரப்பு விட்டது. முதலில் எறும்பு ஊர்வதுபோல, பிறகு நல்ல வலி. பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். வசந்தா என் தோளைத் தட்டினாள்.

"அண்ணி, போதும். தாங்கனது போதும். நீ கூப்புடறியா, நான் கூப்புடவா?"

நானே கூப்பிட்டேன். "சிஸ்டர், வலிக்குதுங்க." அவர் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவ்வளவு எளிதாக இருந்தது.

ஆறு வாரம் கையைத் தாங்கிப் பிடிக்கும் பட்டையோடு இருந்தேன். பிசியோதெரபி செய்கிற பெண் முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னாள்: "வலியத் தாங்கிக்கினு மடக்காதீங்க. தையல் விட்டுப்போகும். வலிச்சா நிறுத்தணும், எங்கிட்ட சொல்லணும்." ஒவ்வொரு நாளும் சொன்னேன். சொல்லிச் சொல்லித்தான் அந்த விரல்கள் வந்தன. நாலாவது மாதம் கடைக்குப் போனேன். ஆள்காட்டி விரல் முழுதாக மடங்குகிறது. நடுவிரல் உள்ளங்கையைத் தொட ஒரு மல்லாட்டைப் பருப்பு அளவு மிச்சம் இருக்கிறது. டைப் அடிக்க அது போதும். இதையெல்லாம் பத்து விரலாலும்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாகக் கையைக் காட்டப் போனபோது மயக்க டாக்டர் என்னை ஒரு வகுப்பறைக்குக் கூட்டிப்போனார். பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் இருந்தார்கள். "இவங்களுக்கு என்ன ஆச்சுன்னு நீங்களே கேளுங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர்கள் கேட்டார்கள், நான் சொன்னேன். பிரசவத் தையலைச் சொன்னபோது எழுதிக்கொண்டிருந்தவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

முடிந்து எல்லோரும் கலைந்தபிறகு ஒரு பெண் மட்டும் என்னிடம் வந்தாள். மூக்குத்தி போட்ட, ஒல்லியான பெண்.

"எங்கம்மாவும் ஏதோ மருந்து ஒத்துக்காதுன்னு சொல்வாங்கக்கா. சின்ன வயசுல இருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். எந்த மருந்து, என்ன ஆச்சுன்னு நான் கேட்டதே இல்ல."

"கேளும்மா" என்றேன்.

நான் படிக்கட்டில் இறங்கும்போது அவள் ஜன்னலோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இல்லம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல. உனக்கு என்ன ஆச்சுன்னு கேக்கத்தான் போன் பண்ணேன். அடுப்ப அணைச்சிட்டு வந்து உக்காரு" என்றாள். பிறகு அவள் பேசவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் மெதுவாக ஆட்டியபடி, கேட்டுக்கொண்டே நின்றாள்.